வீட்டுக்குத் தூரம்

என் சித்தி மகள் டொராண்டோவில் இருக்கிறாள். ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் அவள் அனுப்பும் படங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். சன்னலுக்கு வெளியே எல்லாம் வெள்ளை. உள்ளே சோபாவில் அவளுடைய நாய் சுருண்டு கிடக்கும். ‘இன்னைக்கு எங்கயும் போக முடியாது, வீட்டுலதான்’ என்று கீழே எழுதியிருப்பாள். பார்க்கிறவர்களுக்கு ஆசையாக இருக்கும். அப்படிப்பட்ட நாளில் என்னதான் செய்வாய் என்று ஒருமுறை போனில் கேட்டேன். வாசலில் குவிந்த பனியை மண்வாரியால் தள்ள வேண்டும். எவ்வளவு குளிர் அடித்தாலும் நாயை வெளியே கூட்டிப்போக வேண்டும். பனி உருகுவதற்காகச் சாலையில் உப்பைத் தூவியிருப்பார்கள். அது நாயின் பாதத்தில் ஏறி எரியும், நக்கினால் வயிற்றுக்கும் ஆகாது. அதனால் வீட்டுக்கு வந்ததும் நான்கு கால்களையும் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவித் துடைக்க வேண்டும். ஒரு நாளில் மூன்று தடவை. யார் கழுவுவது என்று கேட்டேன். அவள் சிரித்தாள்.

ஆறுமுகநேரியில் பனி என்றால் மார்கழி விடியலில் கோலத்தின் மேல் இறங்கும் ஈரம்தான். எங்கள் ஊரில் வெள்ளையாகக் குவிந்து கிடப்பது உப்பு. அந்த உப்பில் வெடித்த கால்களும் எங்கள் ஊரில் உண்டு. அவை அளத்தில் உப்புச் சுமக்கும் பெண்களுடையவை. அளத்து வேலை கோடையை நம்பியது. ஐப்பசி, கார்த்திகையில் மழை இறங்கினால் பாத்திகளில் நல்ல தண்ணீர் ஏறி, வேலை நின்றுபோகும். எங்கள் பக்கத்தில் வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் பருவம் என்றால் அதுதான். உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு மழைக்கால நிவாரணமாக ஆண்டுக்கு 5,000 ரூபாய் தர அரசு சில ஆண்டுகளுக்கு முன்பு முடிவெடுத்தது. மூன்று மாதத்துக்கு அது எந்த மூலைக்குக் காணும் என்று அளத்துப் பெண்களைக் கேட்டால் சொல்வார்கள். வீட்டில் இருக்கும் நாள் என்பது ஓய்வு நாளாக இருப்பது எல்லோருக்கும் அமைவதில்லை.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை, மார்கழி முதல் நாள். அன்று எங்கள் வட்டாரம் முழுவதும் வீட்டுக்குள் அடைபட்டது. 18ஆம் தேதி காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில், எங்கள் ஊரை ஒட்டியுள்ள காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. தூத்துக்குடி மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுவதும் சராசரியாகப் பெய்யும் மழையே 70 சென்டிமீட்டரை எட்டாது. காய்ந்த பூமி என்று பெயர் வாங்கிய ஊரில், ஓர் ஆண்டு மழையைவிட அதிகமாக ஒரே நாளில் கொட்டியது. மேற்கே குளங்கள் உடைந்தன. தாமிரபரணி கரை மீறியது. ஞாயிறு இரவு திருச்செந்தூரிலிருந்து புறப்பட்டு எங்கள் ஊரைக் கடந்து போன செந்தூர் எக்ஸ்பிரஸ், ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பயணிகளோடு நின்றுபோனது. தண்டவாளத்துக்கு அடியில் மண்ணே இல்லை. பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரர்கள் தங்களிடம் இருந்ததைச் சமைத்து அவர்களுக்குக் கொடுத்தார்கள்.

எங்கள் வீட்டில் நானும் அம்மாவும். நாய்கள் இரண்டு, மணியும் ராணியும். தெருவுக்குப் பொதுவாக ஒரு செவலை நாய் உண்டு. அதற்குப் பெயர் கிடையாது, செவலை என்றே கூப்பிடுவோம். ஞாயிறு மத்தியானம் வளவுக்குள் தண்ணீர் ஏறத் தொடங்கியபோது அதுவும் எங்கள் வாசலில் வந்து நின்றது.

அன்றைக்கு என்ன செய்தோம் என்று கேட்டால் ‘வீட்டில் இருந்தோம்’ என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம். அரிசி மூட்டையைப் பரணில் ஏற்றினோம். கேஸ் சிலிண்டரை மேசை மேல் தூக்கி வைத்தோம். ஒழுகும் இடத்திலெல்லாம் பாத்திரம் வைத்து, நிறைந்ததைக் கொட்டி, மறுபடி வைத்தோம். சாயங்காலத்துக்குள் மின்சாரம் போனது, கொஞ்ச நேரத்தில் போனும் போனது. மழைத் தண்ணீரைப் பிடித்துக் கொதிக்கவைத்துக் குடித்தோம். கஞ்சி வைத்து, கருவாட்டைச் சுட்டோம். தலையும் முள்ளும் நாய்களுக்கு. எல்லாவற்றையும்விடக் கஷ்டம் கக்கூஸ். தொட்டி நிறைந்து தண்ணீர் எதிர்த்து வந்துவிட்டது. நானும் அம்மாவும் அடக்கிக்கொண்டு கிடந்தோம். மணியும் ராணியும் வீட்டுக்குள் ஒன்றுக்குப் போகாத நாய்கள். அவையும் அடக்கிக்கொண்டு, கதவைப் பார்ப்பதும் என் முகத்தைப் பார்ப்பதுமாக இருந்தன. அப்படி ஓர் இரவு முழுக்க. கழிப்பறை இல்லாத பள்ளிக்கூடத்தில் படித்த பெண்களுக்கு அந்த வித்தை தெரியும். நாய்க்கு அதை யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை, வீட்டை அசிங்கப்படுத்தக் கூடாது என்று அதற்கும் பழகியிருக்கிறது. விடிகிற நேரத்தில் மழை கொஞ்சம் குறைந்தபோது மொட்டை மாடிக் கதவைத் திறந்தேன். ஐந்து பேரும் மாடிக்குப் போனோம். மழைதான் எல்லாவற்றையும் கழுவியது.

ஐந்து பேர் என்று எழுதுகிறேன். அந்தக் கணக்கு எங்கள் வீட்டில் அதற்கு முன்னால் கிடையாது. அம்மா நாயை வீட்டுக்குள் விடாதவர். மணிக்கும் ராணிக்கும் புறவாசல் தாழ்வாரத்தோடு சரி. நான் இரவில் உள்ளே கூட்டிப் படுக்கவைத்தால், விடிந்ததும் பினாயில் போட்டுத் தரையைத் துடைப்பார். ஞாயிறு மத்தியானம் புறவாசல் முழுகியபோது நான் இரண்டையும் அடுப்படி வழியாக உள்ளே கொண்டுவந்தேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. முன்வாசலில் செவலை முட்டளவுத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தது. அது எங்கள் நாய் இல்லையே என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது அம்மா கதவைத் திறந்து, “ஏட்டி, நீ உள்ள வா” என்றார். அது நடைப்படியில் தயங்கியது. ஒருநாளும் தாண்டியதில்லை. அம்மா குனிந்து அதன் கழுத்தைப் பிடித்து உள்ளே இழுத்தார். அவருக்கு வயது எழுபத்திரண்டு.

இரவில் விளக்கு இல்லாமல் உட்கார்ந்திருந்தபோதுதான் அம்மா அதைச் சொன்னார். கல்யாணமாகி வந்த புதிதில், இதே வீட்டில், மாதாமாதம் மூன்று நாள் அவர் புறவாசல் தாழ்வாரத்தில் இருந்திருக்கிறார். எங்கள் பக்கத்தில் அதை ‘வீட்டுக்குத் தூரம்’ என்பார்கள். தனித் தட்டு, தனிச் செம்பு, ஒரு கோரைப்பாய். தண்ணீரைக்கூடத் தூக்கித்தான் ஊற்றுவார்கள். ஒரு ஐப்பசியில் அடைமழை. சாரல் பாய் வரைக்கும் வந்தது. உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. “அந்த வீட்டுக் கருப்பு நாயும் நானும் ஒரே சாக்கைப் போத்திக்கிட்டுக் கெடந்தோம். அதுக்கு ஒடம்பு கதகதன்னு இருக்கும். அது மட்டும் இல்லன்னா செத்திருப்பேன்” என்றார். பிறகு, “நாயை ஏன் உள்ள விடமாட்டேங்கேன்னு நீ கேப்பல்லா. பாத்தா அந்தத் தாவாரம் ஞாபகம் வரும். அதான்” என்றார்.

நாற்பது வருஷம் நான் அந்த வீட்டு விதியைச் சுத்தம் என்றே நினைத்திருந்தேன். எது உள்ளே, எது வெளியே என்பதை வீடு தீர்மானிக்கும்போது, வெளியே தள்ளப்பட்டவர்கள் ஒருவரோடொருவர் சேர்த்துத் தள்ளப்படுகிறார்கள். பிறகு அவர்களில் ஒருவர் உள்ளே வந்தால், மற்றவரைப் பார்க்கவே கூசுகிறது. மாமியாரான மருமகள்களின் கதையிலும் இந்தக் கூச்சம் கொஞ்சம் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இந்தப் பகுதியின் வேட்டை நாய்களில் ஒன்றுக்குக் கன்னி என்று பெயர். கல்யாணப் பெண்ணுக்குச் சீராக அந்த நாயைக் கொடுத்தனுப்புவார்கள், அதனால்தான் அந்தப் பெயர் என்று சொல்வார்கள். புகுந்த வீட்டில் காவலுக்கு என்பது அதற்குச் சொல்லும் காரணம். ஆள் தெரியாத வீட்டுக்குப் போகிற பெண்ணுக்குத் தன் வாசனை தெரிந்த ஒரு உயிர் வேண்டும் என்று அனுப்பிய தாய்களும் இருந்திருப்பார்கள்.

18ஆம் தேதி மத்தியானம் தெருவுக்குள் படகு வந்தது. கடற்கரை ஊர்களிலிருந்து மீனவர்கள் தங்கள் ஃபைபர் படகுகளைக் கொண்டுவந்திருந்தார்கள். எங்கள் வாசலில் மூன்று படி முழுகியிருந்தது, நான்காவது மிச்சம். “ஆச்சியும் நீங்களும் வாங்கக்கா. நாயை ஏத்த முடியாது, ஆளுக்கே எடமில்ல” என்றார் படகில் இருந்த தம்பி. அவர் சொன்னதில் தப்பில்லை. அடுத்த வீட்டில் கைக்குழந்தையோடு ஒரு பெண்ணும், நடக்க முடியாத அவள் மாமியாரும் இருந்தார்கள். அவர்களை ஏற்றிக்கொள்ளச் சொன்னோம். எங்களுக்கு மாடி இருந்தது, அரிசி இருந்தது, மழையும் விட்டிருந்தது. தண்ணீர் படி ஏறுகிறதா என்று சுவரில் கரிக்கோடு போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு மணி நேரமாக அது ஏறவில்லை. ஏறினால் என்ன செய்வது என்றும் பேசி வைத்திருந்தோம். இதையெல்லாம் யோசித்துத்தான் இருந்தோம்.

நான்காம் நாள் போன் உயிர் பெற்றதும் சென்னையிலிருந்து அண்ணன் பேசினான். “ஏட்டி, கோட்டி புடிச்சிருக்கா உனக்கு? ரெண்டு நாய்க்காவ அம்மாவையும் சேத்து சாகடிக்கப் பாத்தியா?” பயத்தில் கத்தினான், அது எனக்குப் புரிந்தது. ஆனால் எங்கள் தெருவிலேயே படகில் ஏறாத ஆண்கள் சிலர் இருந்தார்கள். ஒருவர் கடைச் சரக்கை விட்டு வரமாட்டேன் என்றார். ஒருவருக்கு டிராக்டர். ஒருவர் வீட்டுக்குக் காவல் என்று மாடியில் உட்கார்ந்திருந்தார். அவர்களை யாரும் கோட்டி என்று சொல்லவில்லை. பொறுப்பான ஆள் என்றார்கள். பொருளுக்காகத் தங்கினால் பொறுப்பு, உயிருக்காகத் தங்கினால் பைத்தியம். அதிலும் பெண் தங்கினால் பிடிவாதம். தங்கியது சரியா தப்பா என்பது வேறு கேள்வி. தண்ணீர் ஏறியிருந்தால் நாங்களும் போகத்தான் வேண்டும். நான் சொல்வது, முடிவெடுத்தவர் யார் என்பதை வைத்து அந்த முடிவுக்குப் பெயர் வைக்கிறார்கள் என்பதைத்தான்.

இது எங்கள் தெருவோடு போகிற விஷயம் இல்லை. 2005இல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரம் கத்ரீனா புயலில் முழுகியபோது, நாயையும் பூனையையும் விட்டுவிட்டுத்தான் வர வேண்டும் என்றதால் வெளியேற மறுத்தவர்கள் பலர். அதன் பிறகு, 2006இல் அந்த நாட்டு நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. பேரிடர்க் கால வெளியேற்றத் திட்டம் வகுக்கும்போது, வளர்ப்பு விலங்கு வைத்திருக்கும் குடும்பங்களையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றது அது. விலங்குகளின் மேல் உள்ள பாசத்தால் மட்டும் வந்த சட்டம் இல்லை. நாயை விட்டு வர முடியாதவர் தானும் வராமல் இருந்துவிடுகிறார் என்று அனுபவத்தில் கண்டதால் வந்தது.

நம் ஊரில் கணக்கெடுப்பு வேறு மாதிரி. அந்த மழைக்குப் பிறகு, கடுமையாகப் பாதிக்கப்பட்ட வட்டங்களில் குடும்பத்துக்கு 6,000 ரூபாய் அறிவித்தார்கள். மாடு இறந்திருந்தால் 37,500, ஆட்டுக்கு 4,000. கோழிக்கும் ஒரு தொகை உண்டு. அது வேண்டியதுதான். இரண்டு ஆடு, பத்துக் கோழி என்பது எங்கள் பக்கத்தில் பல பெண்களுக்குச் சொந்தமென்று இருக்கும் ஒரே சொத்து. பால் தருவதும், ஏர் இழுப்பதும், முட்டையிடுவதும் பட்டியலில் இருக்கின்றன. இது எதையும் செய்யாத நாய் இல்லை. இழப்பைப் பணத்தில் சொல்லும் பட்டியல் என்றால் அப்படித்தான் இருக்கும். ஆனால் அந்தப் பட்டியலைப் படித்தபோது எனக்கு வேறொன்றும் தோன்றியது. வாழ்நாள் முழுக்க வீட்டைக் காத்தும், கேட்டால் ‘சும்மாதான் இருக்கு’ என்று சொல்லப்படும் இன்னொரு உயிரையும் நமக்குத் தெரியும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டு வேலை மட்டும் செய்யும் பெண், வேலை செய்யாதவர் பக்கத்தில்தான் வருகிறாள்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2019இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடத்தை அதில் செலவிடுகிறார்கள். ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடம். அந்தக் கணக்கெடுப்பு ஐ.நா.வின் வகைப்பாட்டைப் பின்பற்றியது. அதில் ஊதியமில்லாத வீட்டு வேலைகள் என்ற தலைப்பின் கீழ் சமையல், துப்புரவு, துணி துவைப்பு ஆகியவற்றோடு வளர்ப்பு விலங்குப் பராமரிப்புக்கும் தனி எண் கொடுத்திருக்கிறார்கள்: 36. டொராண்டோவில் என் தங்கை கழுவும் பன்னிரண்டு பாதமும், நான் மாடிக்கதவைத் திறந்து நின்ற நேரமும் அந்த எண்ணுக்குள் வரும். பாசம் என்று நாம் சொல்லிக்கொள்வது வேலையும்தான் என்பது எங்கோ ஒரு தாளில் பதிவாகியிருக்கிறது. பாசம் என்று சொன்னால் கூலி கேட்க முடியாது, உதவியும் கேட்க முடியாது. வேலை என்று சொன்னால் பங்கு போட்டுக்கொள்ளச் சொல்லலாம்.

தெருநாய்க்குச் சோறு வைக்கும் பெண்களைப் பற்றி ஊரில் பேசுவது எனக்குத் தெரியும். பிள்ளை இல்லாதவள், புருஷன் இல்லாதவள், வேறு வேலை இல்லாதவள். அதே தெருவில் நாய்க்குப் பயந்து நடக்கும் பெண்களும் இருக்கிறார்கள். விடியுமுன் அளத்துக்குச் சைக்கிளில் போகும் ஒரு அக்கா, செவலை குரைத்தால் இறங்கி நின்றுவிடுவார். அவர் பயம் நியாயமானது. வெறிநோய் அறிகுறி தெரிந்துவிட்டால் அநேகமாக யாரும் பிழைப்பதில்லை. நாய்க்குக் கருத்தடை செய்வதும் தடுப்பூசி போடுவதும் உள்ளாட்சி அமைப்புகளின் பொறுப்பு என்று 2023ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. அது நடக்காத இடத்தில், சோறு வைக்கும் பெண்ணும் கடிக்குப் பயப்படும் பெண்ணும் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருக்கிறார்கள். வெள்ளம் வடிந்த மறு வாரம் நானும் அந்த அக்காவும் சேர்ந்து செவலையை ஆட்டோவில் ஏற்றிக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோய்த் தடுப்பூசி போட்டோம். அக்கா அதைத் தொடவில்லை. கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார், அதுவே எனக்குப் போதுமாக இருந்தது.

வெள்ளத்துக்கு அடுத்த நாட்களில், வீட்டில் எத்தனை பேர், என்ன சேதம் என்று எழுதிக்கொள்ள ஒரு இளம்பெண் வந்தாள். தாள் நனையாமல் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்தாள். கால் சேற்றில் ஊறி வெளுத்திருந்தது. அம்மா அவளை உட்காரவைத்துக் கருப்பட்டிக் காப்பி கொடுத்தார்.

“எத்தன பேரு ஆச்சி?”

“ஆளு ரெண்டு. நாயி மூணு.”

“நாய்க்குக் கட்டம் இல்ல ஆச்சி.”

“கட்டம் இல்லன்னா ஓரத்துல எழுது. அடுத்த மழைக்குப் படகு வரும்போது எடம் பாத்து அனுப்பணும்லா.”

அவள் சிரித்துக்கொண்டே பேனாவை எடுத்தாள். எழுதும்போது அம்மா எட்டிப் பார்த்து, மூன்றாவது நாய்க்குப் பெயர் செவலை என்று சொன்னார்.